கல்லும் சனமும்: அசீரியரின் நூறாண்டு அலைச்சல்

2015 பிப்ரவரி 23ஆம் தேதி விடிகாலையில், சிரியாவின் வடகிழக்கே கபூர் ஆற்றங்கரை ஊர்களுக்குள் ஐ.எஸ். ஆட்கள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். முடியாத 200க்கும் மேற்பட்டவர்களை, கிழவர்கள், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து, 26ஆம் தேதி, அதே அமைப்பு ஒரு வீடியோவை வெளியிட்டது. மோசுல் அருங்காட்சியகத்துச் சிலைகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறார்கள். நினிவேயின் நெர்கல் வாசலில் நின்ற, மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட காளையின் முகத்தைத் துளைக்கருவி வைத்துக் குடைகிறார்கள். கடத்தப்பட்ட சனத்துக்கும் உடைக்கப்பட்ட காளைக்கும் பெயர் ஒன்றுதான்: அசீரியம்.

உலகத்தின் நினைவில் தங்கியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காளையின் முகம் இதை வாசிக்கிற பலருக்கும் ஞாபகம் இருக்கும். கபூர் கரையில் ஓர் ஊரின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? மனுசனைப் பிடிச்சுட்டுப் போனது ஒருநாள் செய்தி. கல்லை உடைச்சது நாகரிகத்தின் மேல் விழுந்த அடி. இதைப் பத்திரிகைகளின் அலட்சியம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்தச் சனத்தின் கடந்த நூறு, நூற்றைம்பது வருஷத்தை எடுத்துப் பார்த்தால், கல்லைக் கொண்டாடுவதும் சனத்தைத் துரத்துவதும் எதிரெதிரான காரியங்களாக இருந்ததே இல்லை என்று தெரிகிறது. ஒன்று மற்றதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. 'காலங்காலமாக நடந்துவரும் மதப்பகை' என்ற கதையாடலும் இங்கே செல்லுபடியாகாது. இவர்களை ஊரை விட்டு விரட்டியதில் பெரும்பங்கு மிக நவீனமான விஷயங்களுடையது: எல்லைக்கோடு, குடிக்கணக்கு, தேசிய ராணுவம், சிறுபான்மையினருக்கான 'பாதுகாப்பு உத்தரவாதம்'.

யார் இந்த அசீரியர்? விவிலியம் படித்தவர்களுக்கு நினிவே தெரியும்; மீன் வயிற்றில் கிடந்த யோனா உபதேசம் பண்ணப் போன ஊர். அந்த ஊரின் மேடு இன்றைய மோசுலுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அதைச் சுற்றிய சமவெளியிலும், வடக்கே ஹக்காரி மலைகளிலும், கிழக்கே ஈரானின் உர்மியா ஏரிக்கரையிலும், மேற்கே தூர் அப்தீன் மேட்டு நிலத்திலும் அரமேய மொழியின் இன்றைய வடிவங்களைப் பேசி வாழ்ந்த கிறித்துவர்கள் இவர்கள். பழைய 'கிழக்குத் திருச்சபை'யைச் சேர்ந்தவர்கள் ஒரு பிரிவு. 16ஆம் நூற்றாண்டு தொட்டு ரோமோடு இணைந்த கல்தேயர் இன்னொரு பிரிவு. மேற்கத்திய சிரியாக் மரபினர் மற்றொன்று. எங்கேயோ இருக்கும் சனம் என்று நாம் நினைக்கத் தேவையில்லை. சென்னைப் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று இருக்கிறது. கிழக்குத் திருச்சபை கடல் தாண்டி வந்து போன காலத்துத் தடயம். திருச்சூரில் அந்தத் திருச்சபைக்கு இன்றும் ஒரு கிளை உண்டு. நினிவே மக்கள் மனந்திரும்பி உபவாசம் இருந்ததை நினைத்து கேரளத்து சிரியன் கிறித்துவர்கள் வருஷாவருஷம் 'மூன்று நோன்பு' இருக்கிறார்கள். குறவிலங்காட்டில் யோனாவின் கப்பலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நினிவேயிலேயே அந்த நோன்பைப் பிடிக்க ஆள் இல்லாத வருஷங்கள் வந்தன. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

'அசீரியர்' என்ற பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. தங்களை அவர்கள் பேச்சில் 'சூராயே' என்கிறார்கள். வெளியார் நெஸ்தோரியர் என்றார்கள், யாக்கோபியர் என்றார்கள். 1840களில் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு நிம்ருதையும் நினிவேயையும் தோண்டி, காளைகளையும் சிங்கங்களையும் லண்டனுக்கு அனுப்பினார். தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த இந்தக் கிறித்துவர்களே பழைய நினிவேயின் மிச்சம் என்றும் எழுதினார். 1886இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் அனுப்பிய ஊழியக் குழுவின் பெயரிலேயே 'அசீரியக் கிறித்துவர்' என்று வந்துவிட்டது. ஆக, ஐரோப்பியப் பார்வையில் இந்தச் சனம் ஓர் அகழ்வாய்வின் உபவிளைவாக அறிமுகமானது. கல்லுக்குப் பின்னிணைப்பு.

இதை வைத்துக்கொண்டு, "அப்படியானால் இவர்கள் அசல் அசீரியர் இல்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. துருக்கியிலும் ஈராக்கிலும் அரசு சார்ந்த எழுத்துகளில் இந்தக் கேள்வி வசதியான ஆயுதமாகப் பயன்பட்டிருக்கிறது. எனக்கு இது கேள்வியாகவே படவில்லை. ரோமானிய ரத்தத்தை நிரூபித்துக் காட்டு என்று எந்த இத்தாலியனையும் யாரும் கேட்டதில்லை. ஒரு பெயர் வெளியிலிருந்து வந்தாலும், அந்தப் பெயரால் கொல்லப்பட்டு, அந்தப் பெயரால் ஒன்றுசேர்ந்து, அந்தப் பெயரால் உரிமை கேட்ட பிறகு அது அவர்களுடையதுதான்.

லேயார்டின் உதவியாளர் ஹோர்முஸ்த் ரஸ்ஸம் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மோசுலில் பிறந்த உள்ளூர்க்காரர். அஷூர்பனிபாலின் சிங்க வேட்டைச் சிற்பங்களையும், கில்காமெஷ் காவியத்தின் களிமண் பலகைகள் அடங்கிய நூலகப் பகுதியையும் 1853இல் தோண்டியெடுத்தவர் அவர்தான். ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1872இல் ஒரு பலகையில் பெருவெள்ளக் கதையைப் படித்துச் சொன்னபோது லண்டனே கொண்டாடியது. ரஸ்ஸமோ மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டார். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த பட்ஜ் தன் மேல் பழி பரப்பினார் என்று அவர் வழக்குப் போட்டு, 1893இல் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு 50 பவுண்டு. சிங்கங்கள் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.

ஹக்காரி மலைகளில் 1843லும் 1846லும் பதர்கான் என்ற குர்து தலைவரின் படைகள் பெரும் படுகொலைகளை நடத்தின. ஆனால் சனத்தை மொத்தமாக வேரோடு பிடுங்கிப் போட்டது 1915தான். ஆர்மீனியரை அழித்த அதே ஒட்டோமான் இயந்திரம், அதே துணைப்படைகள், அதே குர்து கூட்டாளிகள். தங்கள் மொழியில் அவர்கள் அதை 'சய்ஃபோ' என்கிறார்கள். வாள் என்று பொருள். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் அசீரிய-கல்தேயர் தரப்பு சொன்ன கணக்கில் செத்தவர்கள் 2,50,000. ஹக்காரிப் பழங்குடிகளான தியாரி, துகுமா, ஜீலு, பாஸ், தீஸ் எல்லாம் மலையை விட்டு இறங்கி உர்மியா பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 1918 மார்ச்சில், பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு, திருச்சபைத் தலைவர் மார் ஷிமுன் பென்யாமினைக் கொன்றார் சிம்கோ. இந்த சிம்கோ குர்திய தேசியத்தின் ஆரம்பகால நாயகர்களில் ஒருவராக இன்றும் கொண்டாடப்படுகிறவர். 1930இல் ஈரானிய அரசு அவரையும் வலைவிரித்துக் கொன்றது. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு என்றால் கறுப்பு வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். (குர்து தலைவர் அகமத் துர்க் 1915இல் தம் மக்களின் பங்குக்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அப்படிக் கேட்கும் துணிவு துருக்கிய அரசுக்கு வரவில்லை.)

1918 கோடையில் உர்மியாவும் விழுந்தது. பல்லாயிரம் பேர் ஆடுமாடுகளோடு தெற்கே ஹமதானை நோக்கி நடந்தார்கள். வழியெல்லாம் தாக்குதல், காலரா, பசி. செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. மிஞ்சியவர்களை பிரிட்டிஷ் ராணுவம் பாக்தாத்துக்கு வடகிழக்கே பகூபாவில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தது. அசீரியரும் ஆர்மீனியருமாக 40,000 பேருக்கு மேல். இன்று நாம் 'அகதி முகாம்' என்கிற ஏற்பாட்டின் ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று: வரிசையான கூடாரம், எண்ணிக்கை, ரேஷன், தடுப்பூசி, காவல். முகாமில் கிடக்கும் ஆளுக்கு இரண்டே வழி. ஒன்று தர்மச்சோறு, இல்லையென்றால் படையில் சேர்வது.

படையில் சேர்ந்தார்கள். பிரிட்டன் ஈராக்கில் 'லெவி' என்று ஒரு கூலிப்படை வைத்திருந்தது. 1920களில் அது பெரும்பாலும் அசீரியப் படையாக மாறியது. அரபுகளின் கிளர்ச்சியையும் குர்துகளின் கிளர்ச்சியையும் அடக்க இவர்களை அனுப்பினார்கள். 1924 மே மாதம் கிர்கூக்கில், கடைத்தெருவில் மூண்ட தகராறு ஒன்று முற்றி, லெவி சிப்பாய்கள் நகரத்து முஸ்லிம்கள் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். இதை மறைத்துவிட்டு அசீரியரைத் தியாகச் சிற்பமாக மட்டும் நிறுத்துவது நேர்மையில்லை. ஆனால் துப்பாக்கியைக் கையில் கொடுத்தவன் யார், ஒரு சனத்தை அண்டை அயலார் எல்லாருக்கும் எதிரியாக்கிவிட்டு நடையைக் கட்டியவன் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 

இதற்கு நடுவில் வரைபடம் தன் வேலையைச் செய்தது. மோசுல் துருக்கிக்கா, ஈராக்குக்கா என்ற தகராறில் 1925 டிசம்பரில் சர்வதேச சங்கம் தீர்ப்புச் சொன்னது. எண்ணெய் உள்ள மோசுல் பிரிட்டனின் ஈராக்குக்கு, ஹக்காரி துருக்கிக்கு. 1926 அங்காரா ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. ஹக்காரிக்குத் திரும்பிப் போயிருந்த அசீரியரை 1924லேயே துருக்கிப் படை மறுபடியும் விரட்டிவிட்டிருந்தது. ஆக, ஒரு கோடு போட்டதில் ஒரு சனம் சொந்த மலைக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போனது. அதன் பிறகு அவர்கள் ஈராக்கில் 'வந்தேறிகள்'.

1932 அக்டோபரில் ஈராக் சுதந்திர நாடாகச் சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷம், ஈராக் சிறுபான்மையினரை ஒழுங்காக நடத்துமா என்று சங்கத்தில் சந்தேகம் எழுந்தபோது, பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹம்ஃப்ரிஸ் ஒரு வாக்குக் கொடுத்தார்: ஈராக் நம்பிக்கைக்குத் தகுதியில்லாமல் போனால் தார்மீகப் பொறுப்பு பிரிட்டனுடையது. தார்மீகப் பொறுப்பு என்றால் வேறு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அர்த்தம். பதினோரு மாதத்துக்குள் அது விளங்கிவிட்டது.

1933 கோடையில் திருச்சபைத் தலைவர் மார் ஷிமுன் எஷாயை பாக்தாதில் தடுத்து வைத்தார்கள். இருபத்தைந்தைத் தொட்ட இளைஞர். அசீரியரைத் தனிச் சமூகமாக அங்கீகரிக்கக் கேட்டார். ஜூலையில் மாலிக் யாகோ தலைமையில் சில நூறு ஆண்கள் ஆயுதத்தோடு டைக்ரிஸைத் தாண்டி, பிரெஞ்சு ஆளுகையில் இருந்த சிரியாவுக்குள் போய் நிலம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி திரும்பி வரும்போது திராபூனில் ஈராக் ராணுவத்தோடு மோதல். இரண்டு பக்கமும் சாவு. இதற்குப் பிறகு நடந்ததற்கு மோதல் என்று பெயர் வைக்க முடியாது. ராணுவத் தளபதி பக்ர் சித்கியின் ஆட்கள் மலையில் அகப்பட்ட அசீரியரை எல்லாம் சுட்டார்கள். சுற்றுவட்டாரத்துச் சனம் பயந்துபோய் சிமேலே ஊரின் போலீஸ் நிலையத்தை நம்பி வந்து கூடியது. துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுங்கள், உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்றார்கள். கொடுத்தார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி காலையில் ராணுவம் வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தியது. அந்த ஓர் ஊரில் மட்டும் செத்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். மொத்தத்தில் பிரிட்டிஷ் கணக்கு 600. அசீரியர் கணக்கு 3,000 அல்லது அதற்கும் மேல். 60க்கும் மேற்பட்ட ஊர்கள் சூறையாடப்பட்டன.

இதில் சூறையைவிட முக்கியமானது அதற்குப் பிறகான கொண்டாட்டம். அப்போது ஈராக்கில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஸ்டாஃபோர்டு 1935இல் எழுதிய நூலில், மோசுலில் ராணுவத்துக்குக் கொடுத்த வரவேற்பை விவரித்திருக்கிறார்: வெற்றி வளைவுகள், அவற்றில் கத்தி செருகிய தர்பூசணிகள். தலைக்குப் பதில் தர்பூசணி. பக்ர் சித்கி, இவரும் குர்துப் பின்னணி கொண்டவர்தான், தேசிய வீரராகிப் பதவி உயர்வு பெற்றார். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அந்த உற்சாகத்தின் தொடர்ச்சியில் 1934இல் நிறைவேறியது. 1936இல் அதே சித்கி நடத்தியது நவீன அரபு நாடுகளின் முதல் ராணுவப் புரட்சி. சுதந்திர ஈராக்கின் தேசிய ராணுவம் தன் மானத்தைத் தேடிக்கொண்ட முதல் 'யுத்தம்' ஆயுதம் பறிக்கப்பட்ட சொந்தக் குடிகளின் மேல் நடந்தது. காலனிய எதிர்ப்புத் தேசியம் என்று நாம் ஒட்டுமொத்தமாகக் கும்பிடுகிற சங்கதிக்குள் இப்படி ஒரு பிறப்புச் சான்றிதழும் கிடக்கிறது. பிரிட்டிஷ்காரனின் கைக்கூலி என்ற ஒரு சொல் போதும், கைக்கூலியாக இல்லாத விவசாயியையும் சுட்டுவிடலாம்.

மார் ஷிமுனின் குடியுரிமையைப் பறித்து சைப்ரஸுக்கு அனுப்பினார்கள். சர்வதேச சங்கம் ஆழ்ந்து யோசித்தது. இந்தச் சனத்தை எங்கே கொண்டுபோய்ப் போடலாம்? பிரேசிலின் பரானா பகுதிக்கு ஆளனுப்பிப் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்புக் கிளம்பிக் குடியேற்றச் சட்டமே மாறியது. பிரிட்டிஷ் கயானாவைப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. சிரியாவின் காப் சதுப்பு நிலத்தை வற்றவைத்துக் குடியேற்றலாம் என்றார்கள். 1936இல் அதையும் கைவிட்டார்கள். ஏதோ பழைய சாமானுக்கு வீட்டில் இடம் தேடுவது மாதிரி. கடைசியில், சிரியாவின் கபூர் ஆற்றங்கரையில் தற்காலிகமாகப் போட்டிருந்த குடிசைகளே நிரந்தரமாயின. மண்ணால் கூம்பு வடிவ வீடுகள் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், சுமார் 35 ஊர்கள் உருவாயின. 

அதாவது, 2015 பிப்ரவரியில் ஐ.எஸ். பிடித்துக்கொண்டு போனது சிமேலேயிலிருந்து தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளை. அவர்களுடைய தாத்தாக்களின் அப்பாக்கள் ஹக்காரியிலிருந்து தப்பியவர்கள். மூன்று தலைமுறை, மூன்று இடம், மூன்று துரத்தல்.

சிமேலே நடந்து இரண்டே மாதத்தில், 1933 அக்டோபரில், மாட்ரிட்டில் கூடிய சட்ட மாநாட்டுக்கு ராஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் ஓர் அறிக்கை அனுப்பினார். நேரில் போக அவருடைய அரசு விடவில்லை. இரண்டு புதிய குற்றங்களைச் சர்வதேசச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னார். ஒரு கூட்டத்தாரை அழிப்பதற்குக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று பெயர் வைத்தார். அவர்களின் கலை, பண்பாட்டுச் செல்வங்களை அழிப்பதற்கு 'வாண்டலிசம்'. 1944இல் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 'ஜெனோசைடு' என்ற சொல்லை அவர் உருவாக்கினார். ஆர்மீனியர், அசீரியர் படுகொலைகள் அந்தச் சிந்தனைக்குப் பின்னால் இருந்தன. ஆனால் 1948இல் ஐ.நா. உடன்படிக்கை எழுதும்போது பண்பாட்டை அழிப்பதைத் தனியே வெட்டி எடுத்துவிட்டார்கள். லெம்கினுக்குக் கல்லும் சனமும் ஒன்று. சட்டம் இரண்டையும் பிரித்தது. ஆகவே, "அப்படியானால் சிலைகளை உடைத்தால் பரவாயில்லையா?" என்று என்னைக் கேட்கிறவர்களுக்குப் பதில்: காளையின் முகம் குடையப்பட்டதற்கு அதிகம் அழுதவர்கள் அசீரியர்களே. கல்லுக்கு உரியவர் யார் என்பதை மறந்துவிட்டு அழுகிற அழுகைதான் எனக்கு உறுத்துகிறது.

பெனடிக்ட் ஆண்டர்சன் தேசியம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலின் 1991 பதிப்பில் ஓர் இயலைப் புதிதாகச் சேர்த்தார். கணக்கெடுப்பு, வரைபடம், அருங்காட்சியகம் என்ற மூன்றின் மூலம் காலனிய அரசு தன் குடிகளைக் கற்பனை செய்தது என்கிறார். அவர் எடுத்துக்கொண்டது தென்கிழக்காசியா. பாத் கட்சியின் ஈராக்கை எடுத்திருந்தால் இன்னும் தெளிவாக விளங்கியிருக்கும். மோசுல் மாகாணத்துக்கு 'நினவா' என்று பெயர் வைத்தது பாத் அரசு. சதாம் உசேன் தன்னைப் பாபிலோனிய, அசீரிய மன்னர்களின் வாரிசாகக் காட்டிக்கொண்டார். பாபிலோனைப் புதுப்பித்தபோது செங்கல்லில் தன் பெயரைப் பொறிக்கவைத்தார். பணத்தாளிலும் தபால்தலையிலும் அசீரியச் சின்னங்கள். இது அருங்காட்சியகத்தில். கணக்கெடுப்பில் என்ன? 1977லும் 1987லும் குடிக்கணக்கில் அசீரியர் என்று ஒரு கட்டமே கிடையாது. அரபு என்று எழுது, இல்லாவிட்டால் குர்து என்று எழுது. 1972இல் சிரியாக் மொழி பேசுவோருக்குப் பண்பாட்டு உரிமை தருவதாக ஓர் ஆணை வந்தது. அதிலும் மொழிதான் உண்டு, மக்கள் இல்லை. செத்த அசீரியன் தேசத்தின் முப்பாட்டன். உயிரோடிருக்கிற அசீரியன் பதிவேட்டில் இல்லை.

பதிவேட்டில் இல்லாதவனின் ஊர் வரைபடத்திலும் இருக்காதுதானே. 1961இல் தொடங்கிய குர்து போரில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவை இவர்களுடைய மலையூர்கள். 1969 செப்டம்பரில் சோரியா என்ற சிற்றூரில் ராணுவம் ஊராரைச் சுட்டுத் தள்ளியது. 1970களின் பிற்பகுதியில் எல்லையோரத்தைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று ஊர் ஊராக இடித்தார்கள். 1988இல் அன்ஃபால். குர்துகளுக்கு எதிரான இனஅழிப்பு என்று நாம் அறிந்த அதே நடவடிக்கையில் அசீரிய ஊர்களும் பழைய தேவாலயங்களும் தரைமட்டமாயின. பொதுமன்னிப்பை நம்பித் திரும்பிய அசீரியர் சிலர் அப்புறம் காணவே இல்லை. அன்ஃபால் என்றாலே குர்து என்று நம் மனதில் பதிந்திருப்பதும் ஒருவகைக் கணக்கெடுப்புத்தான்.

எல்லையின் மறுபக்கம் தூர் அப்தீனில் வேறு ஒரு கதை. 1980, 90களில் துருக்கி ராணுவத்துக்கும் பி.கே.கே.வுக்கும் நடந்த போரில் ஊர்கள் காலியாகி சனம் ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் போனது. 397இல் தொடங்கப்பட்ட மோர் கப்ரியேல் மடம் 2008இலிருந்து தன் சொந்த நிலத்துக்காக வழக்காடிக் களைத்தது. 

2003க்கு வருவோம். இந்த இடத்தில் நம்மாட்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. அமெரிக்கப் படையெடுப்பைக் கண்டித்து நாம் கூட்டம் போட்டோம், கவிதை எழுதினோம். சரியான காரியம்தான், ஈராக்கியக் கிறித்துவர்களின் அழிவுக்கு வழிதிறந்ததும் அந்தப் படையெடுப்பே. 1987 கணக்கில் 14 லட்சம் என்று சொல்லப்பட்ட கிறித்துவர் தொகை இன்று 3 லட்சத்துக்கும் கீழே என்றே பல மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் 2004 ஆகஸ்ட் 1இல் பாக்தாதிலும் மோசுலிலும் ஒரே நாளில் தேவாலயங்களில் குண்டு வெடித்தபோதும், பாக்தாதின் தோரா பகுதியில் 2006, 2007இல் வீடு வீடாக மிரட்டி விரட்டியபோதும், 2008இல் மோசுல் ஆர்ச்பிஷப் பவுலோஸ் ஃபராஜ் ரஹோ கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தபோதும், 2010 அக்டோபர் 31இல் பாக்தாத் தேவாலயத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோதும் நாம் பேசவில்லை. செய்தவர்கள் 'ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர்கள்' என்ற பட்டியலில் இருந்ததால் சங்கடம். ஏகாதிபத்தியம் என்ற ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்தால் சில பிணங்கள் தெரியாது. அந்த மௌனத்தில் புகுந்துதான் இங்குள்ள இந்துத்துவக்காரன் "பார், முஸ்லிம் என்ன செய்கிறான் பார்" என்கிறான். அவனுக்கும் அசீரியன் ஒரு கல்தான், எடுத்து எறிவதற்கு.

2014 ஜூன் 10இல் மோசுல் ஐ.எஸ். கைக்குப் போனது. ஜூலையில் கிறித்துவர் வீட்டுச் சுவர்களில் அரபு எழுத்து 'நூன்' எழுதினார்கள். நஸ்ரானி என்பதன் முதலெழுத்து. ஷியா வீடுகளுக்கு வேறு எழுத்து. இதுவும் குடிக்கணக்குத்தான், சுவரில் எழுதிய குடிக்கணக்கு. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இல்லையென்றால் வாள். கெடு ஜூலை 19 நண்பகல். வெளியேறியவர்களிடம் சோதனைச் சாவடியில் நகை, பணம், ஆவணம் எல்லாவற்றையும் உருவிக்கொண்டார்கள். சில நாளில் யோனாவின் கல்லறை என்று முஸ்லிம்களும் வணங்கிவந்த நபி யூனுஸ் பள்ளிவாசலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கடியில் தோண்டப்பட்ட சுரங்கங்களில் பிற்பாடு அசீரிய அரண்மனையின் பகுதிகள் வெளிப்பட்டன. மறுபடியும் கல் செய்தியானது.

ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு கராகோஷ். ஈராக்கின் பெரிய கிறித்துவ ஊர். சொந்த மொழியில் பக்தீதா. காவலுக்கு நின்ற குர்து பெஷ்மெர்கா படை இரவோடிரவாகப் பின்வாங்கியது. தங்களிடம் இருந்த ஆயுதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது ஊர்க்காரர்களின் குற்றச்சாட்டு. சிமேலே ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? நினிவே சமவெளியிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எர்பிலுக்குப் பக்கத்து அங்காவாவில், தேவாலய வளாகத்திலும் கட்டிமுடிக்காத கட்டடங்களிலும் தூங்கினார்கள். 2016இல் ஊர் மீட்கப்பட்டதும் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை.

கபூர் பிணைக்கைதிகளில் மூன்று பேரைக் கொன்று 2015 அக்டோபரில் அதையும் வீடியோவாக்கினார்கள். மற்றவர்களை, உலகெங்கும் சிதறிய அசீரியர் திரட்டிய பணத்தைக் கொடுத்து, திருச்சபைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். கடைசிக் குழு 2016 பிப்ரவரியில் வந்தது. வந்தவர்களில் அநேகம் பேர் ஊரில் தங்கவில்லை. 2015 ஈஸ்டரன்று தேவாலயம் தகர்க்கப்பட்ட தெல் நஸ்ரி மாதிரி ஊர்களில் தங்குவதற்கு என்ன இருக்கிறது? 2019 அக்டோபரில் துருக்கி வடகிழக்கு சிரியாவுக்குள் இறங்கியபோது தெல் தாமிர் வட்டாரமே போர்முனையானது.

சிதறிப் போன இடத்திலும் பெயர்ச்சண்டை விடவில்லை. ஸ்வீடனின் சோடெர்டாலியே நகரத்தில் இவர்களுக்கு இரண்டு கால்பந்துக் கழகங்கள்: அசீரிஸ்கா, சிரியான்ஸ்கா. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், ஒரே மொழி. தங்களை அசீரியர் என்பவர்களுக்கு ஒன்று, சிரியாக் என்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டுமே நாட்டின் முதல்தர லீகில் ஆடியிருக்கின்றன. நாடில்லாத சனத்துக்கு இரண்டு தேசிய அணி என்று இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. பெயரைப் பற்றித் தங்களுக்குள் சண்டை போட ஒரு மைதானமாவது கிடைத்திருக்கிறது. 2005 ஈராக்கிய அரசியல் சட்டம் கல்தேயர், அசீரியர் என்று இரண்டு தனி இனமாகவே எழுதிவைத்தது.

டெட்ராய்ட்டில் கல்தேயர் பெருந்தொகையினர். 1980இல் சதாம் அங்குள்ள ஒரு கல்தேயத் தேவாலயத்துக்குப் பெருந்தொகை நன்கொடை அளித்ததற்குப் பிரதியாக, டெட்ராய்ட் நகரத்தின் சாவியே அவருக்குப் போனது. 2017 ஜூனில், டிரம்ப் ஆட்சியின் குடிவரவுத் துறை அதே நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈராக்கியரைப் பிடித்தது. பெரும்பாலோர் கல்தேயக் கிறித்துவர்கள். கிறித்துவர்களைக் காப்பாற்றுவேன் என்ற வாக்குறுதியை நம்பி அவருக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்களும் அதில் இருந்தன. நீதிமன்றத்தில் இழுபறி. நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர் கிரீஸில் அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். சர்க்கரை நோயாளி, மனநோயாளி. ஈராக்கை ஒருநாளும் பார்த்ததில்லை. அரபு மொழி தெரியாது. 2019 ஜூனில் அவரைக் கொண்டுபோய் ஈராக்கில் இறக்கிவிட்டார்கள். ஆகஸ்டில் பாக்தாதில் ஓர் அறையில் செத்துக் கிடந்தார். பிறகு அவருடைய உடலை மிச்சிகனுக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்தது.